கத்தரிக்காய் சாப்பிடலாமோ?

"தையல் போட்டிருக்கு, கத்தரிக்காய் சாப்பிடலாமோ?" இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் இதற்குத்தான் முதலிடம். கடிதத்தில் மட்டுமல்ல, வேலையிடத்துச் சாப்பாட்டு அறையிலும், கோயில் அன்னதான வரிசையிலும், தமிழ்க் கடையில் காசு கொடுக்க நிற்கும் இடத்திலும் இதையே கேட்கிறார்கள். பதிலை ஒரு சொல்லில் சொல்லலாம்: சாப்பிடலாம். ஆனால் அந்த ஒரு சொல்லோடு விடக்கூடிய விடயம் அல்ல இது.

எம்மவரில் எண்பதுகளில் இங்கு வந்து சேர்ந்தவர்களுக்கு இப்போது அறுபது வயதும் தாண்டிவிட்டது. முதுகில் கொழுப்புக்கட்டி, கழுத்தில் பாலுண்ணி, நிறம் மாறிய மச்சம், சதைக்குள் வளரும் கால் நகம் என்று ஏதோ ஒன்றை வெட்டி எடுக்க வேண்டி வருகிறது. பெரும்பாலும் குடும்ப வைத்தியரே தன் அறையில் விறைக்கும் ஊசி போட்டு அரைமணிக்குள் முடித்து, நாலைந்து இழை போட்டு, பிளாஸ்டர் ஒட்டி அனுப்பிவிடுவார். ட்றிக்கனில் ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம். காயத்தை எப்போது நனைக்கலாம், இழை எப்போது வெட்டுவது என்று ஒரு தாளும் தருவார்கள். அந்தத் தாளில் சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் இராது. நோர்வேஜியருக்கு அப்படி ஒரு கேள்வியே எழுவதில்லை.

எங்களுக்கு அந்தக் கேள்விதான் முதலில் எழும். உடனே தொலைபேசி வேலை செய்யத் தொடங்கும். யாழ்ப்பாணத்தில் அம்மா, ஸ்காபரோவில் பெரியம்மா, லாச்சப்பலில் மாமி. "கிரந்திச் சாப்பாடு ஒண்டும் வாயில வைக்காதை" என்பதில் மூவரும் ஒற்றுமை. எது கிரந்தி என்பதில்தான் மூவரும் மூன்று கட்சி. கத்தரிக்காய், இறால், நண்டு, கணவாய் ஆகியவற்றில் தகராறு இல்லை. தக்காளி ஒரு வீட்டில் கிரந்தி, அடுத்த வீட்டில் இல்லை. பூசணிக்காய், அன்னாசி, பப்பாசி, முட்டை, கோழி, மாட்டிறைச்சி, கருவாடு என்று ஊருக்கு ஊர் பட்டியல் மாறும். பயந்த மனிதர் என்ன செய்வார்? மூன்று பட்டியலையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்வார். பிறகு மிஞ்சுவது வெள்ளைச் சோறு, இரசம், சொதி, பாண், விசுக்கோத்து, பிளேன்ரீ.

எங்களுக்குத் தெரிந்த ஒரு அண்ணைக்கு நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். பிடரியில் இருந்த கட்டி வெட்டப்பட்டது. சலரோகமும் உள்ளவர். பன்னிரண்டு நாட்கள் இரசமும் சோறும் பாணும்தான். இழை வெட்டிய அடுத்த நாள் காயம் பிளந்துவிட்டது. மருந்து கட்டிய தாதி "நன்றாகச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டபோதெல்லாம் "ஓம், நல்லாச் சாப்பிடுறன்" என்றுதான் சொல்லியிருக்கிறார். அது பொய்யல்ல. மூன்று நேரமும் வயிறு நிறையத்தான் சாப்பிட்டார். மூன்றாம் முறை போனபோது மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தார். என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டபோதுதான் கதை வெளியே வந்தது. இரத்தத்தில் சீனியும் நன்றாக ஏறியிருந்தது. அந்தக் காயம் ஆற இரண்டு மாதம் சென்றது.

காயம் பிளக்கப் பல காரணங்கள் இருக்கலாம். பிடரி எப்போதும் அசையும் இடம், சீனி கூடினால் காயம் ஆறப் பிந்தும். சாப்பாடு ஒன்றையே குற்றவாளியாக்க நாங்கள் வரவில்லை. ஆனால் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். வளர்ந்த ஒருவருக்கு உடல் நிறையில் கிலோ ஒன்றுக்கு ஏறக்குறைய 0.8 கிராம் புரதம் நாளாந்தம் வேண்டும். 70 கிலோ மனிதருக்கு 56 கிராம். வயது போனவர்களுக்கு இன்னும் கூட வேண்டும். நூறு கிராம் சோற்றில் இருப்பது இரண்டரைக் கிராம் அளவுதான். ஒரு துண்டுப் பாணில் இரண்டு அல்லது மூன்று. இரசத்தில் கணக்கில் எடுக்க ஒன்றுமில்லை. இரண்டு கோப்பை நிறையச் சோறும் நாலைந்து துண்டுப் பாணும் சாப்பிட்டாலும் தேவையில் பாதிகூட வராது. மாவுச்சத்தோ தாராளமாக ஏறும். சலரோகக்காரருக்கு இதைவிடப் பிழையான சாப்பாட்டைத் திட்டமிட்டே ஒழுங்கு செய்ய முடியாது.

2002 ஆம் ஆண்டு ஒஸ்லோவில் துருக்கி, ஈரான், பாகிஸ்தான், இலங்கை, வியட்நாம் ஆகிய ஐந்து நாட்டவரிடையே பெரிய சுகாதார ஆய்வு ஒன்று நடந்தது. எங்களில் பலரும் அதற்கு இரத்தம் கொடுத்திருப்பார்கள். சலரோகம் அதிகம் காணப்பட்டது பாகிஸ்தானியரிடமும் இலங்கையரிடமும்தான். ஆகவே வெட்டுவதற்கு முன் சீனியின் அளவைப் பார்ப்பது எங்களுக்கு முக்கியம். "காயம் இருக்கே" என்று சீனி மருந்தை நிறுத்தக் கூடாது.

சரி, எங்கள் ஆச்சிமார் சொன்னது முழுவதும் பொய்யா? அப்படியும் இல்லை. இறாலும் நண்டும் சிலருக்கு ஒத்துவராது. உடம்பு கடிக்கும், தடிக்கும். அப்படிப்பட்டவர் காயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவற்றைத் தொடக் கூடாது. கத்தரிக்காயில் ஹிஸ்டமின் என்னும் பொருள் சற்று உண்டு, சிலருக்கு அதனால் வாயும் தோலும் கடிக்கும். குளிர்ப்பெட்டி இல்லாத காலத்தில், வெயிலில் கிடந்த சில மீன்களில் இதே ஹிஸ்டமின் பெருகி முகம் சிவந்து உடம்பு தடித்ததும் உண்மை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆறும் காயம் எதுவும் கடிக்கும். ஐந்தாம் ஆறாம் நாளில் தொடங்கும் அந்தக் கடி புதுத்தோல் வளர்வதன் அடையாளம். அன்றைக்குப் பார்த்து யார் கத்தரிக்காய்க் குழம்பு சாப்பிட்டாரோ அவருக்குப் பழி கத்தரிக்காய் மேல் விழும். உருளைக்கிழங்கு சாப்பிட்டவருக்கும் கடித்திருக்கும். உருளைக்கிழங்கை ஒருவரும் பிடித்து விசாரிப்பதில்லை.

எங்கள் ஊர்ப் பத்தியம் பட்டினியும் அல்ல. பிள்ளை பெற்ற தாய்க்கு மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி வைத்து அரைத்த சரக்குக் கறியில் மீனோ கோழியோ போட்டுத்தான் கொடுத்தார்கள். சுறா வறையும் முருங்கையிலையும் கொடுத்தார்கள். வெட்டுப்பட்ட உடம்புக்கு எது வேண்டுமென்று அந்த ஆச்சிமாருக்குத் தெரிந்திருந்தது. தொலைபேசி வழியாகக் கடல் கடந்து வரும்போது "சாப்பிடு" என்ற பாதி அறுந்து "சாப்பிடாதே" என்ற பாதி மட்டும் வந்து சேர்கிறது போலும்.

காயம் ஆறுவது எப்படி என்று சுருக்கமாகப் பார்ப்போம். முதலில் இரத்தம் உறையும். இரண்டு மூன்று நாட்களுக்கு அந்த இடம் வீங்கிச் சூடாக இருக்கும், அது துப்புரவு வேலை. பிறகு மூன்று கிழமை வரை புதுச் சதை கட்டப்படும். அதற்குப் பிறகு தழும்பு இறுகிச் சீராகும், அது ஒரு வருடம்கூட நடக்கும். இழை வெட்டியவுடன் காயம் ஆறிவிட்டது என்று நினைக்கிறோம். மூன்றாம் கிழமையிலும் அந்த இடத்தின் பலம் பழைய தோலின் பலத்தில் காற்பங்கு அளவுதான். மூன்று மாதம் சென்றால் எண்பது வீதத்தை எட்டும், முழுப் பலம் ஒருபோதும் திரும்பாது. இந்தக் கட்டட வேலைக்குக் கல் புரதம். அந்தக் கல்லை உறுதியாகப் பிணைக்க விற்றமின் சி வேண்டும்.

இந்த விற்றமின் சி கதையில் எங்கள் ஒஸ்லோவுக்கும் ஒரு பங்கு உண்டு. அப்போது ஊரின் பெயர் கிறிஸ்தியானியா. நீண்ட பயணம் போகும் நோர்வேக் கப்பல்களில் மாலுமிகளுக்குக் கால் வீங்கும் நோய் வந்தது. அதைக் கப்பல் பெரிபெரி என்றார்கள். (பெரிபெரி சிங்களத்திலிருந்து வந்த சொல் என்று அகராதிகள் சொல்கின்றன. எங்கள் தீவின் சொல் எங்களுக்கு முன்பே இங்கு வந்துவிட்டது.) அதை ஆராயப் புகுந்த அக்செல் ஹொல்ஸ்ட், தியோடர் புரோலிக் என்ற இருவர், கினிப்பன்றிகளுக்குத் தானியம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றுக்கு வந்தது பெரிபெரி அல்ல, முரசு கரைந்து இரத்தம் கசியும் ஸ்கேர்வி நோய். கோவாவும் தேசிச்சாறும் கொடுக்கச் சுகம் வந்தது. 1907 இல் அதை வெளியிட்டார்கள். எலியை வைத்துப் பார்த்திருந்தால் ஒன்றும் தெரிந்திராது, ஏனென்றால் எலி தன் உடம்பிலேயே விற்றமின் சி செய்துகொள்ளும். கினிப்பன்றியும் மனிதனும் செய்ய முடியாதவர்கள். பழைய கப்பல்களில் ஸ்கேர்வி கண்ட மாலுமிகளுக்கு எத்தனையோ வருடங்களுக்கு முன் ஆறிய காயங்கள்கூட மறுபடி திறந்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

பயப்பட வேண்டாம், பன்னிரண்டு நாள் இரசத்தில் ஒருவருக்கும் ஸ்கேர்வி வராது. ஆனால் காயம் இருக்கும் நேரத்தில் பழத்தையும் மரக்கறியையும் விலக்குவதில் நியாயம் இல்லை என்பதற்காகச் சொன்னோம்.

அப்படியானால் என்ன சாப்பிடுவது? புதிதாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை. டப்பாவில் விற்கும் புரத மாவும் தேவையில்லை. சிறு காயத்துக்கு வழக்கமான நல்ல சாப்பாடே போதும், அதிலிருந்து கழிக்காமல் இருந்தால் சரி. காலையில் ஒன்றோ இரண்டோ முட்டை, ஒன்றில் ஆறு ஏழு கிராம் புரதம் உண்டு. வேலைக்குக் கொண்டுபோகும் பாணுக்குத் தக்காளி மக்ரெல் ரின், அல்லது கொட்டேஜ் சீஸ். தவிட்டுப் பாண் என்றால் இன்னும் நல்லது. பின்னேரம் தொர்ஸ்க் மீன் ஒரு துண்டு. 150 கிராமில் ஏறக்குறைய 27 கிராம் புரதம், கொழுப்பு மிகக் குறைவு. வடக்கே மீன் தொழிற்சாலைகளில் எம்மவர் ஆயிரக்கணக்கில் வெட்டி அடுக்கிய மீன் அது. அதைச் சரக்கு அரைத்துக் காய்ச்சினால் ஆச்சிக்கும் மறுப்பு இராது. மரக்கறிக்காரருக்குப் பருப்பு, கடலை, பயறு, தயிர், பால். சோற்றைக் கொஞ்சம் குறைத்துப் பருப்பைக் கூட்டினால் போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டுமுன் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

தமிழ்க் கடையில் முருங்கையிலை வந்தால் வாங்கி வறுங்கள். வராவிட்டால் கோல்ரூத் இருக்கிறது. மஞ்சள் நிறத்தில் பெரிய கிழங்கு, பார்த்தால் ஒருவருக்கும் ஆசை வராது. நோர்வேஜியர் அதை வடக்கின் தோடம்பழம் என்பார்கள். விற்றமின் சி அவ்வளவு உண்டு. கரட்டோடு சேர்த்துத் துருவித் தேசிக்காய் பிழிந்து பச்சையாகச் சாப்பிடலாம். அதிக நேரம் அவித்தால் சத்துப் போய்விடும். த்ரான் என்னும் மீனெண்ணெய் காயத்துக்கு மருந்தல்ல. ஆயினும் ஒக்ரோபர் தொடக்கம் இங்குள்ள வெயிலில் எங்கள் தோல் விற்றமின் டி செய்யாது. 2002 ஆய்வில் எம்மவரில் பலருக்கு அது குறைவு என்று தெரிந்தது. நாளுக்கு ஒரு தேக்கரண்டி த்ரான் எப்போதும் நல்லது.

விரதக்காரருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கந்தசட்டிக்கு ஆறு நாளும் பால் பழத்தோடு இருந்து அம்மரூட் கோயிலில் சூரன்போர் பார்ப்பவர்கள் எங்களிடையே உண்டு. அவசரமில்லாத வெட்டு என்றால் விரதம் முடிந்த பிறகு நாள் கேளுங்கள். வைத்தியர் மறுக்க மாட்டார். புகைப்பவர்களுக்கு: காயத்துக்குக் கத்தரிக்காய் செய்யாத கெடுதலைச் சிகரெட் செய்கிறது. நிக்கொட்டின் இரத்தக் குழாயைச் சுருக்கும். இழை இருக்கும் நாட்களிலாவது விட்டுப் பாருங்கள்.

இனித் தோலைப் பார்ப்போம். முதல் நாளோ இரண்டு நாளோ நனைக்க வேண்டாம், வைத்தியர் சொன்ன கணக்கே கணக்கு. அதன் பிறகு குளிக்கலாம், தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும். இழை வெட்டிக் காயம் மூடும் வரை நீச்சல் குளம் வேண்டாம். மஞ்சள், கோப்பித்தூள், சித்தாலேப, விபூதி எதையும் காயத்தில் வைக்காதீர்கள். மஞ்சள் கறிக்குள் இருக்கட்டும். காயம் காய்ந்து பொருக்குக் கட்டினால்தான் ஆறும் என்று எங்களுக்குச் சின்ன வயதில் சொன்னார்கள். 1962 இல் ஜோர்ஜ் வின்டர் என்ற ஆங்கிலேயர் பன்றிகளில் செய்து பார்த்து, மூடி ஈரப்பதமாக வைத்த காயத்தில் தோல் ஏறக்குறைய இருமடங்கு வேகமாக வளர்ந்ததைக் காட்டினார். ஆகவே பொருக்கைக் கிள்ளாமல், மருந்துக்கடையில் விற்கும் வாசனை சேராத வசலீனை மெல்லப் பூசி, பிளாஸ்டரால் மூடினால் போதும். நோவுக்குப் பரசெற் எடுக்கலாம், பெட்டியில் எழுதிய அளவைத் தாண்டக் கூடாது. இருதயத்துக்கு அல்பில் எடுப்பவர்கள் அதை வெட்டுமுன்னே வைத்தியரிடம் சொல்ல வேண்டும், தாங்களாக நிறுத்தக் கூடாது.

இழை வெட்டும் காலம் இடத்தைப் பொறுத்தது. முகத்தில் 5 முதல் 7 நாள், தலையில் 7 முதல் 10, கையிலும் உடம்பிலும் 10 முதல் 14, முதுகிலும் மூட்டிலும் 14 நாள் வரை செல்லும். தொழிற்சாலையில் பாரம் தூக்குபவருக்கு முதுகுக் காயமும் தோள் காயமும்தான் வில்லங்கம். சட்டப்படி வைத்தியர் கடிதம் இல்லாமல் எகன்மெல்டிங் கொடுத்துத் தொடர்ந்து மூன்று நாள் நிற்கலாம். பல இடங்களில் அதற்கு மேலும் உண்டு. அது போதாது என்றால் வைத்தியரிடம் உங்கள் வேலை என்னவென்று விபரமாகச் சொல்லுங்கள். "பக்டரி வேலை" என்றால் அவருக்கு ஒன்றும் விளங்காது. "இருபது கிலோப் பெட்டியை நாளுக்கு முந்நூறு தடவை தூக்குகிறேன்" என்றால் விளங்கும். உணவுத் தொழிற்சாலையில் கைக்காயத்துக்கு அங்கேயுள்ள நீல பிளாஸ்டர்தான் ஒட்ட வேண்டும். அதற்குள் மெல்லிய உலோகத்தகடு இருக்கும், கழன்று உணவுக்குள் விழுந்தாலும் இயந்திரம் பிடித்துவிடும். சீழ் பிடித்த காயத்தோடு உணவைத் தொடவே கூடாது, அது சட்டம். றப்பர் கையுறைக்குள் கை வியர்த்து ஊறும், இடைவேளையில் கழற்றிப் பிளாஸ்டரை மாற்றுங்கள்.

காயம் கெடுகிறதா என்று பார்க்கும் தாளில் "சிவப்பு" என்று எழுதியிருக்கும். எங்கள் கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது. கருநீலமாகவோ இன்னும் கறுத்தோ தெரியலாம். ஆகவே புறங்கையால் தொட்டுச் சூட்டைப் பாருங்கள், வீக்கத்தைப் பாருங்கள். மூன்றாம் நாளுக்குப் பின் நோவு குறையாமல் கூடினால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால் வைத்தியரிடம் போக வேண்டும். இரவிலும் சனி ஞாயிறிலும் 116117 இலக்கத்துக்கு அழையுங்கள். பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துப் போக வேண்டாம். 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள மொழிபெயர்ப்பாளர் சட்டம் அதைத் தடுக்கிறது. பத்து வயதுப் பிள்ளை கிரந்தி என்ற சொல்லை நோர்வேஜிய மொழியில் எப்படிச் சொல்லும்? பெரியவர்களாலேயே முடியவில்லை.

தழும்பு பற்றி: எங்களைப் போன்ற கறுத்த தோலில் தழும்பு தடித்துப் புடைத்துக் காயத்தின் எல்லையையும் தாண்டி வளர்வது அதிகம். அதைக் கீலொயிட் என்பார்கள். நெஞ்சு, தோள், காதுச்சோணை ஆகிய இடங்களில் கூட வரும். காது குத்தியதிலோ பழைய காயத்திலோ அப்படி வந்திருந்தால் வெட்டுமுன்னரே வைத்தியரிடம் காட்டுங்கள். சில வேளை வெட்டாமல் விடுவதே நல்லது என்று அவர் சொல்லக்கூடும். காயம் மூடிய பின் மருந்துக்கடையில் சிலிக்கன் பிளாஸ்டர் வாங்கி ஒட்டலாம். தழும்பு கறுப்பதைக் குறைக்க வெயில் படாமல் மூடுங்கள், அல்லது 30க்கு மேற்பட்ட வெயில் கிறீம் பூசுங்கள். ஈஸ்டர் காலத்தில் பனியில் பட்டுத் தெறிக்கும் வெயிலும் வெயில்தான். வெளுக்க வைக்கும் கிறீம் மட்டும் வேண்டாம். ஊரிலிருந்து யாரோ கொண்டுவரும் சிறு டப்பாக்கள் சிலவற்றில் பாதரசமும் கடும் ஸ்டெரொயிட்டும் இருக்கின்றன.

கடைசியாக ஒன்று, இதைத்தான் பலர் மறக்கிறார்கள். வெட்டிய துண்டைப் பெரும்பாலும் ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். தோல் புற்றுநோய் உலகில் அதிகம் உள்ள நாடுகளில் நோர்வேயும் ஒன்று. எங்களுக்கு அது மிகக் குறைவு, ஆனால் வந்தால் உள்ளங்காலிலும் நகத்தின் கீழும் வரும், ஒருவரும் பார்க்காத இடம். பாடகர் பொப் மார்லி 1981 மே மாதம் தனது 36 ஆவது வயதில் இறந்தது கால் பெருவிரல் நகத்தின் கீழ் தொடங்கிய அத்தகைய புற்றுநோயால்தான். இழை வெட்டும் நாளில் "ஆய்வு முடிவு எப்போது வரும், கடிதமாக வருமா, ஹெல்செநோர்கே இணையத்தில் வருமா?" என்று கேட்டு நாளைக் கலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாள் கடந்தும் ஒன்றும் வராவிட்டால் நீங்களே தொலைபேசி எடுங்கள்.